தட்டைத்திரைத் தொலைக்காட்சியும் வெப்பக் கோளாறும்

எம் விடுதியின் பொது அறையில் 32 அங்குலத் தொலைக்காட்சி ஒன்று உளது. களவுக்கு அஞ்சி, அதனை ஒரு மரப்பெட்டியுள் அமைத்து, முன்புறம் இரட்டைக் கதவும் பூட்டும் இட்டு, ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் அறைந்து வைத்திருக்கின்றனர். மாலை உணவு முடிந்ததும் கதவு திறக்கப்படும். ஒன்பதரை மணிக்கு மீண்டும் பூட்டப்படும். சென்ற பங்குனித் திங்களில் இக்கருவிக்கு ஒரு நோய் கண்டது. முடுக்கியது முதல் நாற்பது நிமிஷம் யாதொரு குறையுமின்றி ஓடும். பின்னர் 'டக்' என்ற ஓசையோடு திரை இருண்டுவிடும். அடியில் உள்ள சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கால் மணி நேரம் கழித்து முடுக்கினால் மறுபடியும் உயிர் பெறும். ஆனால் இம்முறை இருபது நிமிஷந்தான். கிரிக்கெட் ஆட்டமொன்றின் இறுதி ஓவரில் இது நிகழ்ந்த இரவு விடுதியில் எழுந்த ஆரவாரத்தை ஈண்டு விவரிக்க வேண்டுவதில்லை.

பழுது பார்க்கும் கடையொன்றிலிருந்து வந்தவர், பெட்டியைத் திறவாமலே முன்புறம் நின்று நோக்கி, "பேனல் போய்விட்டது, புதிது வாங்குவதே உத்தமம்" என்று கூறிச் சென்றார். பேனல் போயிருப்பின், நாற்பது நிமிஷம் மட்டும் அது எங்ஙனம் நன்றாயிருந்தது என்று வினவ எமக்கு அப்பொழுது தோன்றவில்லை. புதியது வாங்குவதாயின், விடுதி நிதியில் எஞ்சியிருந்த தொகை ஒன்றே. அது படிப்பறைக்கு மின்விசிறிகள் வாங்கவென்று ஒதுக்கப்பட்டிருந்தது. கோடையில் விசிறியா, தொலைக்காட்சியா என்று மாணவர் இரு கட்சியாய்ப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். அந்நிலையில் பௌதிக வகுப்பைச் சேர்ந்த யாம் நால்வர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள் என்று விடுதித் தலைவரிடம் விண்ணப்பித்துக்கொண்டோம். அன்றும் அதனைத் தொடர்ந்த இரண்டு வாரங்களிலும் யாம் கற்றவற்றை, செய்த பிழைகளையும் மறையாது, இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண், இக்கருவிகளுள் வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்வோம். திரவப் படிகத் திரை, அதாவது எல்.சி.டி., தானே ஒளி வீசுவதன்று. அதன் பின்னே ஓர் ஒளிமூலம் உண்டு. பழைய கருவிகளில் அது மெல்லிய கண்ணாடிக் குழல்களின் வரிசை, பிந்தியவற்றில் எல்.இ.டி. எனப்படும் சிறு விளக்குகள் பதித்த பட்டைகள். இந்த ஒளி, முனைவாக்கும் தாள்களையும் படிகப் படலத்தையும் வண்ண வடிகட்டிகளையும் கடந்து நம் கண்ணை வந்தடைய வேண்டும். வழியில் அது படும் இழப்பு வியப்பிற்குரியது: புறப்பட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வருவதில்லை. எஞ்சியது முழுவதும் உள்ளேயே விழுங்கப்பட்டு வெப்பமாகின்றது. அன்றியும், விளக்குகள் தாம் உண்ணும் மின்சாரம் அனைத்தையும் ஒளியாக்குவதில்லை. அங்கும் ஒரு பெரும்பகுதி வெப்பமாகிறது. ஆகவே, எல்.இ.டி. என்றால் சூடே இராது எனக் கடைத்தெருவில் கூறப்படுவதை அப்படியே ஏற்றல் கூடாது. பழைய குழல்களைவிடச் சூடு குறைவு என்பதே சரி.

ஒளிமூலத்தை அடுத்து வெப்பம் பிறக்கும் இடம், வீட்டு மின்சாரத்தை வாங்கி 24 வோல்ட், 12 வோல்ட், 5 வோல்ட் எனப் பகிர்ந்தளிக்கும் மின்வழங்கு பலகை. பழுது நீக்குவோர் இதனைப் 'பவர் சப்ளை போர்டு' என்பர். மூன்றாவது, படத்தையும் ஒலியையும் கணிக்கும் முதன்மைப் பலகையிலுள்ள பெரிய சில்லு. இம்மூன்றையும் குளிர்விக்கப் பெரும்பாலான கருவிகளில் விசிறி கிடையாது. சூடேறிய காற்று மேலெழும் என்ற இயற்கை நியதி ஒன்றையே நம்பி, முதுகின் கீழ்ப்பகுதியில் சில துளைகளும் மேற்பகுதியில் சில துளைகளும் விட்டிருப்பர். குளிர்ந்த காற்று கீழே நுழையும். சூடுண்டு மேலே வெளியேறும். சமையலறைப் புகைபோக்கியின் தத்துவம் இதுவே. துளைகள் தூசியால் அடைபட்டாலோ, கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, அழகுக்கெனப் பூவேலை செய்த துணியை மேலே போர்த்தினாலோ இப்புகைபோக்கி நின்றுவிடும். கருவியோடு வரும் கைநூலில் சுற்றிலும் ஏறக்குறைய 10 செண்டிமீட்டர் இடைவெளி விடுமாறும், சூழ்வெப்பம் 40 பாகைக்கு மேற்படலாகாது என்றும் எழுதியிருத்தல் பெருவழக்கு. அக்கினி நட்சத்திர நாட்களில் நம் ஊர்களில் வெட்டவெளியே அவ்வெல்லையைத் தொட்டுவிடுகின்றது என்பதை அக்கைநூலை எழுதியோர் எண்ணிப் பார்த்தனரோ, அறியோம்.

மிகுந்த சூடு கருவியின் உறுப்புக்களை என்ன செய்கிறது? மின்தேக்கியை முதலிற் கூற வேண்டும். கடையில் இதனைக் கண்டென்சர் என்றும் கெப்பாசிட்டர் என்றும் கேட்டு வாங்குவர். சிறு உருளை வடிவினதாகிய இதனுள் அலுமினியத் தகடுகள், ஒரு திரவத்தில் நனைந்த தாளோடு சுருட்டப்பட்டு, அடியில் ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். சூட்டினால் அத்திரவம் சிறிது சிறிதாக வற்றும். வற்ற வற்ற உள்ளே மின்தடை மிகும். தடை மிகுவதனால் மேலும் சூடு உண்டாகும். அச்சூட்டினால் மேலும் வற்றும். கடனுக்கு வட்டியும் வட்டிக்கு வட்டியும் ஏறுவது போன்ற இந்நிலையில், உள்ளே ஆவி திரண்டு, உருளையின் தட்டையான தலை குமிழாக வீங்கும். வெடியாதிருக்கும் பொருட்டு அத்தலையில் சிலுவை போலவோ வேறு வகையாகவோ கீறல் இட்டிருப்பர்; முற்றிய நிலையில் அக்கீறல் பிளந்து பழுப்பு நிறக் கசிவு காணப்படும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட மின்தேக்கிகள் பலவற்றில் திரவத்தின் சேர்க்கையே குறையுடையதாய் இருந்தமையின், உலகெங்கும் கணக்கற்ற கணிப்பொறிகளும் தொலைக்காட்சிகளும் இந்நோயால் மாண்டன.

இங்கு ஒரு சிறு கணக்கு. இவ்வகை மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்குமென உற்பத்தியாளர் உறுதி கூறிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 85 பாகையில் இருப்பின் 8,000 மணியும், 65 பாகையில் இருப்பின் 32,000 மணியும் உழைக்கும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் கருவியை ஓட்டும் வீட்டில், முன்னது நாலரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பின்னது பதினேழு ஆண்டுக்கு மேல். ஒரே பண்டம், ஒரே விலை. இடையே உள்ள வேற்றுமை 20 பாகை வெப்பமே.

வெப்பம் இழைக்கும் இரண்டாம் தீங்கு பற்றாசு பற்றியது. உறுப்புக்களின் கால்களைப் பலகையோடு இணைக்கும் பற்றாசு, சோல்டர் என வழங்குவது, முன்னாளில் வெள்ளீயமும் காரீயமும் கலந்ததாய் 183 பாகையில் உருகியது. காரீயம் நஞ்சாதலின், ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து அதனை விலக்கியது. உலகச் சந்தைக்குச் செய்வோர் பெரும்பாலும் அதனைப் பின்பற்றினர். இப்பொழுது வழங்கும் கலவை ஏறத்தாழ 217 பாகையில் உருகுவது, சற்று விறைப்பானது. கருவியை முடுக்கும்பொழுது பலகையும் உறுப்பும் விரிகின்றன, நிறுத்தும்பொழுது சுருங்குகின்றன, இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. நாள்தோறும் இவ்விழுபறிக்கு ஆளாகும் பற்றாசு, கனத்த உறுப்புக்களின் காலடியில் மயிரிழை போல் வெடித்துவிடும். முதுகில் ஓர் அடி கொடுத்தால் படம் வருகிறது என்று சிலர் பெருமையாகக் கூறுவதுண்டு. அடி மருந்தன்று; ஆயினும் அடிக்கு இணங்குவது இவ்வெடிப்புக்கு நல்ல அடையாளம்.

இனி, கருவியைத் திறப்பதற்கு முன் அறிய வேண்டிய அபாயத்தைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். ஏனெனில் இதனை யாம் நூலினின்றும் கற்றோமல்லோம். இணைப்பைப் பிடுங்கிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று எண்ணுவது பேதைமை. மின்வழங்கு பலகையில் கட்டைவிரலினும் பெரிய மின்தேக்கி ஒன்று நிற்கும். நம் 230 வோல்ட் மின்சாரம் ஒருதிசை மின்னாக்கப்பட்டு ஏறக்குறைய 325 வோல்ட்டாக, சில அமைப்புக்களில் 390 வோல்ட் வரையிற்கூட, அதனுள் தேங்கியிருக்கும். பலகையில் பழுது இருப்பின் அது வடிய வழியின்றி நெடுநேரம் நிற்கவும் கூடும். எம்முள் ஒருவர், யாரோ ஒரு மின்பணியாளர் செய்யக் கண்டதை நம்பி, அதன் இரு கால்களையும் திருப்புளியால் இணைத்துவிட்டார். கண் கூசும் ஒளியும் துப்பாக்கி வெடித்தாற் போன்ற ஓசையும் எழுந்தன. திருப்புளியின் நுனி உருகிக் குழிந்திருந்தது. அவருக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை எனினும், அன்று இரவு வரை கைந்நடுக்கம் நிற்கவில்லை. எவரும் அதற்குப்பின் பலகையருகே செல்லவுமில்லை. மறுநாள் எம் ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார்: 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 390 வோல்ட்டில் ஏறத்தாழ 7.6 ஜூல் ஆற்றலை வைத்திருக்கும். ஒரு கிலோகிராம் எடையை முக்கால் மீட்டர் உயரம் தூக்க அது போதும். அவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் மார்பின் வழியே பாய்ந்தால் என்னாகும் என்பதை அவர் சொல்லாமலே விட்டார்.

செய்ய வேண்டிய முறை இது. இணைப்பைப் பிடுங்கிய பின் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். 10,000 ஓம், 10 வாட் தடை ஒன்றின் இரு முனைகளிலும் நன்கு காப்பிட்ட கம்பிகளை இணைத்து, அவற்றை அம்மின்தேக்கியின் கால்களில் பத்து வினாடிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதைக் கண்ட பிறகே கை வைத்தல் தகும். பலகையில் ஒரு வெள்ளைக் கோடோ, இடைவெளியோ அதனை இரு கூறாகப் பிரித்துக் காட்டும். வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புள்ள கூற்றை, கருவி ஓடும்பொழுது எக்காரணம் பற்றியும் தொடலாகாது. தனியாகவும் இவ்வேலை செய்யலாகாது; இணைப்பைப் பிடுங்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். பழுது நீக்குவோர் ஐயமுள்ள பலகையை 100 வாட் இழைவிளக்கு ஒன்றோடு தொடராக இணைத்து முடுக்குவர். உள்ளே குறுக்கு இணைப்பு இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரிந்து உண்மையைக் கூறிவிடும், பலகை தப்பும். இச் 'சீரிஸ் பல்பு' ஒன்றே அவர்களுடைய கலையின் பாதி என்று சொன்னால் மிகையாகாது.

எம் கதைக்கு வருவோம். மரப்பெட்டியினின்றும் கருவியை இறக்கி முதுகைக் கழற்றியபொழுது விரல் பருமனுக்குத் தூசி படிந்திருந்தது. உலர்ந்த பல்லி ஒன்றும் கிடந்தது. மென்மையான தூரிகையால் அதனை நீக்கிப் பார்த்ததில், மின்வழங்கு பலகையில் இரண்டு மின்தேக்கிகளின் தலை சிறிது வீங்கியிருக்கக் கண்டோம். நோய் வெளிப்பட்டுவிட்டது என்று எமக்கு ஒரே மகிழ்ச்சி. சென்னை சென்றிருந்த நண்பர் ஒருவர் வாயிலாக ரிச்சி தெருவிலிருந்து அதே அளவும், அதே வோல்ட்டும், 105 பாகை என்ற குறியும் உடைய நான்கு மின்தேக்கிகளை வரவழைத்தோம். விலை 60 ரூபாய்க்குள் அடங்கிற்று. உறையில் உள்ள பட்டைக்கோடு எதிர்முனையைக் காட்டுவது. அதனை மாற்றிப் பொருத்தினால் மின்தேக்கி வெடிக்கும். அனைத்தையும் கவனத்தோடு பொருத்தி, விடுதி மாணவர் சூழ்ந்து நிற்கக் கருவியை முடுக்கினோம். நாற்பத்திரண்டு நிமிஷம் ஓடிற்று. பின்னர் 'டக்' என்று நின்றது. அன்று எம்மை நோக்கிக் கூறப்பட்ட நகைச்சுவைகளை இம்மலரில் அச்சிட இயலாது.

எமக்கு உண்மையான துப்புக் கொடுத்தவர் விடுதியின் காவற்காரப் பெரியவரே. இரவில் செய்தி கேட்க வந்து கதவருகே நிற்பது அவர் வழக்கம். "தம்பிகளா, போன வாரம் மழை பெய்த இராத்திரி இது ஒரு தரங்கூட நிற்கவில்லையே! வெயிற்காலப் பகலில்தானே சண்டித்தனம் செய்கிறது" என்றார் அவர். யாம் ஒருவரையொருவர் நோக்கிக்கொண்டோம். படித்திருந்தும் யாம் கேட்க மறந்த கேள்வி அதுவே: பிணி எப்பொழுது வருகின்றது?

இதுவே வெப்பக் கோளாறுகளை ஆராய்வதில் தலையாய கேள்வி. வற்றிய மின்தேக்கி குளிர்ந்த நிலையில்தான் மிகவும் துன்பந் தரும். காலையில் முடுக்கினால் கருவி எழுவதற்குப் பலமுறை முயலும். விளக்கு மின்னி மின்னி அணையும். சிறிது சூடேறிய பின் ஒழுங்காக ஓடும். உள்ளிருக்கும் திரவம் சூட்டினால் சற்று இளகி மின்தடை குறைவதே இதற்குக் காரணம். இதற்கு நேர்மாறாக, குளிரில் நன்றாய் இருந்து சூடேறிய பின் கெடுவது, வெடித்த பற்றாசோ, தளர்ந்த சில்லோ, வெப்பம் மிகுந்ததென அறிந்து தானே நிறுத்திக்கொள்ளும் காவல் உறுப்போ ஆகும். எம் கருவியின் நோய் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. யாம் கொடுத்ததோ முதல் வகைக்குரிய மருந்து. வீங்கிய மின்தேக்கிகளை மாற்றியது வீணன்று. அவை எப்படியும் சில திங்களில் தொல்லை தந்திருக்கும். ஆயினும் குற்றவாளி வேறு.

பிறகு முறையாகத் தொடங்கினோம். முதலில், முதுகைக் கழற்றிய நிலையில் மேசை விசிறி ஒன்றைப் பின்னே வைத்துக் கருவியை முடுக்கினோம். மூன்று மணி நேரம் நிற்கவேயில்லை. நோய்க்கு வெப்பமே காரணம் என்பது உறுதியாயிற்று. அணைந்தபொழுதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததனால், அதனை எரிக்கும் 5 வோல்ட் பகுதி நலமாயுள்ளது என்பதும், பிற வோல்ட்டுகளைத் தரும் பகுதியை ஐயுற வேண்டும் என்பதும் விளங்கின. ஆகவே மல்டிமீட்டரை 24 வோல்ட் முனையில் முன்கூட்டியே இணைத்து வைத்தோம். அடுத்து விசிறியை நீக்கி, கூந்தல் உலர்த்தும் கருவியின் வாயில் அட்டைக் குழல் ஒன்றைப் பொருத்தி, அதன் காற்றை மிதமான சூட்டில் ஒவ்வோர் இடமாகச் செலுத்தினோம். முதன்மைப் பலகையில் செலுத்தியபொழுது மாறுதல் இல்லை. மின்வழங்கு பலகையின் மின்மாற்றிமீது செலுத்திய ஒரு நிமிஷத்துக்குள் 24 என்ற எண் ஊசலாடிச் சரிந்தது, திரை இருண்டது. குளிர்ந்த பின் மீண்டும் செய்தோம், மீண்டும் அவ்வாறே. நன்கு உலர்ந்த நீண்ட மூங்கிற் குச்சியால் அம்மின்மாற்றியின் தலையில் மெல்லத் தட்டியபொழுது படம் துடித்துத் துடித்து வந்தது. குளிர்விக்கும் தெளிப்பான் கிடைப்பின் அதனைக்கொண்டு சூடான உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் குளிரச் செய்தும் இதே முடிவுக்கு வரலாம். சிலர் பஞ்சில் சாராயத்தை நனைத்துத் தொட்டுக் குளிர்விப்பதாகக் கூறுவர். மின்னோட்டம் உள்ள பலகையருகே அது தீயை அழைப்பதாகும்.

இணைப்பைப் பிடுங்கி, முற்கூறிய முறைப்படி மின்தேக்கியை வடித்து, பலகையைக் கழற்றி, ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடியால் அடிப்புறத்தை நோக்கினோம். மின்மாற்றியின் கால்களுள் ஒன்றைச் சுற்றி, நகத்தால் கீறினாற் போன்ற ஒரு வளையக்கோடு காணப்பட்டது. வெறுங்கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பழைய பற்றாசை உறிஞ்சி எடுத்து, காலைத் துலக்கி, புதிய பற்றாசை உருக்கி, அது சிறு குன்றின் சரிவு போல் பளபளத்து நிற்கும்படி செய்தோம். பழையதன்மீதே புதியதைப் பூசுவது கூடாது. இருவகைக் கலவையும் சேர்ந்து வலுவற்ற இணைப்பாகிவிடும். ஐயத்துக்கு இடமான வேறு இரண்டு கால்களுக்கும் அவ்வாறே செய்தோம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எல்லாக் கருவிக்கும் இந்நோயே என்று எண்ணற்க. பிந்திய எல்.இ.டி. கருவிகளில் மிகுதியாகக் காணப்படுவது, ஒலி கேட்கும், படம் தெரியாது என்ற குறை. அறையை இருளாக்கி, கைவிளக்கைத் திரையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து நோக்கினால், படம் மங்கலாகத் தென்படும். தென்பட்டால் திரையில் குற்றமில்லை, பின்விளக்கே அணைந்தது எனத் துணியலாம். விளக்குகள் மாலையில் பூக்கள் போல் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதனால், சூட்டினால் ஒன்று கருகி அறுந்தாலும் அவ்வரிசை முழுவதும் இருண்டுவிடும். படம் நீலமோ ஊதாவோ பாய்ந்து காட்டுவதும், திரையில் வெண்புள்ளிகள் தோன்றுவதும் அதற்கு முன்னறிகுறிகள். பின்னது, விளக்கின்மேல் ஒட்டிய சிறு வில்லை சூட்டினால் பசை விட்டு வீழ்ந்ததைக் குறிக்கும். இதனை நீக்கப் பட்டைகளை மாற்ற வேண்டும். கருகிய ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது சில திங்களில் கருகும், ஆதலின் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுதலே நன்று. ஆனால் அதற்குக் கண்ணாடித் திரையைத் தூக்கி எடுக்க வேண்டும். அது அப்பளத்தினும் எளிதில் உடையும். அதன் விளிம்பில் தொங்கும் மெல்லிய படலங்களில் ஒன்று கிழிந்தாலும் கருவி முழுவதும் வீண். பழக்கமில்லாதார் இதில் இறங்காதிருப்பது நன்று. யாமும் இறங்கியதில்லை.

இக்குறை வாராமற் காக்க எளிய வழி ஒன்று உண்டு. புதிய கருவி கடையில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காகப் பின்விளக்கு உச்ச அளவில் வைக்கப்பட்டிருப்பது வழக்கம். வீட்டில் அது வேண்டுவதில்லை. அமைப்புப் பட்டியலில் 'பேக்லைட்' என்பதைக் குறைத்துவிட்டால் விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டமும், அதனோடு வெப்பமும் குறையும். 'பிரைட்னெஸ்' என்று வேறொன்று இருக்கும். பல கருவிகளில் அது படத்தின் கருமையை மாற்றுவதேயன்றி விளக்கைத் தணிப்பதன்று. சில கருவிகளில் இப்பெயர்கள் மாறி வழங்குவதும் உண்டு. மாற்றியபின் ஒரு மணி நேரம் கழித்து முதுகைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சூடேறிய பின் கருவி தானே மறுபடி மறுபடி தொடங்குவதும், உற்பத்தியாளர் முத்திரையோடு நின்றுவிடுவதும் முதன்மைப் பலகையின் சில்லைக் குறிக்கும். அதன் அடியில் நூற்றுக்கணக்கான சிறு பற்றாசு உருண்டைகள் உள. அவற்றுள் ஒன்று விட்டாலும் இவ்வாறு நேரும். சில்லின்மேல் உள்ள அலுமினிய வெப்பத் தகட்டின் பசை உலர்ந்திருப்பின், அதனைத் துடைத்துப் புதிய பசை இடுவதால் சிலவேளை குணமாகும். பலகையை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று ஒரு வைத்தியம் வழங்குகின்றது. அதனால் சில நாள் ஓடுவதும் உண்டு. பின்னர் முன்னிலும் மோசமாகும். மின்தேக்கிகள் வெடிப்பதும், பிளாஸ்டிக் உருகுவதும், அவ்வடுப்பில் பிறகு உணவு சமைத்தால் நஞ்சு சேர்வதும் அவ்வைத்தியர் சொல்லாது விடும் செய்திகள். பிளாஸ்மா வகைக் கருவிகளைப் பெரிய உற்பத்தியாளர்கள் 2014-ஆம் ஆண்டளவில் கைவிட்டமையின் அவற்றைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டா. அவற்றுட் பலவற்றில் சிறு விசிறிகள் உண்டென்பதும், விசிறி நின்றால் கருவியும் நிற்கும் என்பதும், அதனைத் துடைத்தோ மாற்றியோ பலர் பழைய கருவியைக் காப்பாற்றியுள்ளனர் என்பதும் போதும்.

பழுது நீங்கிய கருவியை மீண்டும் மரப்பெட்டியுள் ஏற்றினோம். அப்பொழுது எம்முள் ஒருவர், ஆய்வுக்கூடத்து வெப்பமானி ஒன்றைக் கருவிக்குப் பின்னே கட்டித் தொங்கவிடலாம் என்றார். அறையின் வெப்பம் 34 பாகை. ஒரு மணி நேரத்தில் பெட்டியின் உட்புறம் 57 பாகை ஆயிற்று. பெட்டிக்கு முன்கதவு இருந்ததேயன்றி, அடியிலோ மேலிலோ முதுகிலோ ஒரு துளைகூட இல்லை. யாம் பற்றாசு வைத்த கால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவ்வெப்பமானி எமக்கு முன்னரே அறிவித்துவிட்டது. அடியிலும் மேலிலும் துளைகள் இடவேண்டும் என்று விண்ணப்பித்தோம். துளையிட்டால் எலியும் பல்லியும் புகும் என்று விடுதித் தலைவர் மறுத்தார். கம்பிவலை அடித்துத் தருகிறோம் என்றோம். நல்ல தேக்குப் பலகையைக் கெடுப்பானேன் என்று தச்சர் வருந்தினார். இரண்டு நாள் பேசிய பின் இருவரும் இசைந்தனர். அடியில் பன்னிரண்டும் மேலே பன்னிரண்டுமாகத் துளைகள் இட்டு, கருவியைப் பின்பலகையினின்றும் ஒரு சாண் அளவு முன்னே தள்ளி நிறுத்தினோம். அதே அறையில், அதே நேரத்தில், வெப்பமானி 42 பாகை காட்டியது.

சித்திரை கழிந்து வைகாசி வந்தும் கருவி நிற்கவில்லை. விசிறிகள் ஆனியில் வந்து சேர்ந்தன. காவற்காரப் பெரியவர் இப்பொழுதும் ஒன்பது மணிச் செய்திக்கு வந்து நிற்பார். கதவைப் பூட்டுமுன் பெட்டியின் மேலே கையை வைத்து, சூடு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போவார்.